சிவப்பு நூல் கட்டாத குப்பி

சிவமயம்

டத்தோ கிராமாட், பினாங்கு
10.9.1989

ஜபருல்லாவுக்கு,

அன்றைக்கு வீட்டில் இருந்தவர்கள்: நான். என் வீட்டுக்காரர் கந்தப்பு, ஜன்னலோரம் தன்னுடைய பெயின்ட் மேசையில். மகள் புஷ்பராணி, குசினியில் பயற்றங்காய் முறித்துக்கொண்டு. மருமகன் சிவகுருநாதன், முன்னறையில் பேப்பரைப் பிடித்தபடி அரைத் தூக்கத்தில். பக்கத்து வீட்டு ஹாஜரா, ஒரு தட்டு கூவே பலகாரம் கொண்டுவந்து தந்துவிட்டுப் போகாமல் வாசலில் நின்று கதைத்துக்கொண்டு. பிறகு நீ. 1987, ஐப்பசிக் கடைசி ஞாயிறு. நீ வந்தது பத்தேகாலுக்கு. தோளில் நீலத் துணிப்பை. கழுவிய வெறுங் குப்பி மூன்றை மேசையில் வைத்தாய். பத்தரைக்கு நான் அவருக்குக் கண்மருந்து விட்டேன்.

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. ஆனால் எதையும் மறந்தது கிடையாது. அது உனக்கும் தெரியும்.

கண்மருந்து வருகிற பிளாஸ்டிக் குப்பி காலியானால் எறிய வேண்டாம், கழுவி அதில் பெயின்ட் ஊற்றினால் சொட்டுச் சொட்டாக விடலாம் என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்தவன் நீ. பெயின்ட் ஊற்றிய குப்பியின் கழுத்தில் சிவப்பு நூல் கட்ட வேண்டும், நூல் இல்லாதது மருந்து என்று சட்டம் போட்டவனும் நீ. நான் இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாதவள். நூலைத்தான் பார்த்தேன். நூல் இல்லை. விட்டேன். பெயின்ட் உரிக்கிற காரத் தண்ணீர் அது. நல்லாயிருந்த இடது கண்ணில் முதலில் விட்டேன். வலது கண் ஏற்கெனவே முக்கால்வாசி போனது. இப்போது அவருக்குத் தெரிவது ஜன்னல் திறந்திருக்கிறதா, சாத்தியிருக்கிறதா என்பது மட்டும்.

உன் செருப்பை எடுத்து ரோட்டில் வைத்து, நூல் கட்டாமல் குப்பியை வைத்தவன் நீ, இனி இந்த வாசலை மிதிக்காதே என்றேன். நீ ஒரு சொல்லும் மறுக்கவில்லை. செய்யாதவன் மறுப்பான்.

இதையெல்லாம் பழையபடி தொடங்க நான் எழுதவில்லை. பெயின்ட் விஷயம் மட்டும் கேட்கிறேன். மேசையில் தைப்பூச ஊர்வலப் பொம்மை வரிசை அப்படியே கிடக்கிறது. வெள்ளித் தேர் முடிந்தது, மாடுகள் முடிந்தன. பிளாஸ்டிக் சிப்பாய்களின் துவக்கை வெட்டி, தொப்பியை அராவி, நீங்கள் இரண்டு பேரும் காவடிக்காரர் ஆக்கினீர்களே, அதில் முப்பத்தேழு பேர் இன்னும் வெறும் பிளாஸ்டிக். இவர் தினமும் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்து, "இது பூசினதோ, பூசாததோ?" என்று கேட்கிறார். அடுத்த தைப்பூசத்துக்குள் முடிக்க வேண்டுமாம். கேட்டுக் கேட்டு என் காது புளித்துவிட்டது. நானே பிரஷைக் கையில் எடுத்துவிட்டேன்.

டின்கள் எல்லாம் காய்ந்து கல்லாகிவிட்டன. மூடியைத் திறக்கக் கரண்டிக் காம்பு வளைந்துபோனது. எதை வாங்குவது, எதில் வருவதை வாங்குவது, அதை மட்டும் எழுது. சுகம் விசாரிக்க வேண்டாம்.

நல்லம்மா


786

கிள்ளான்
17.9.1989

மரியாதைக்குரிய அக்காவுக்கு, ஜபருல்லா எழுதுவது.

உங்கள் கடிதம் வந்தது. கையெழுத்தைப் பார்த்ததும் மகள் ரோஹானா, "வாப்பா, உட்கார்ந்துக்கிட்டுப் பிரிங்க" என்றாள். உட்கார்ந்துதான் பிரித்தேன்.

பெயின்ட் விஷயம் மட்டும் என்று சொல்லிவிட்டீர்கள். சரி அக்கா.

டின்னில் வருவது எண்ணெய் பெயின்ட். ஒரு பூச்சிலேயே மூடும், நிறம் ஆழமாக இறங்கும். ஆனால் காய ஒரு நாள் முழுக்க வேண்டும், பிரஷ் கழுவ டர்பன்டைன் வேண்டும், வீடெல்லாம் நாறும். டின்னுடைய கெடுதல் அதன் வாய்தான். திறந்து மூடும்போது விளிம்பில் பெயின்ட் படியும். மறுதரம் மூடி சரியாக உட்காராது. காற்றுப் போய் மேலே ஆடை கட்டிவிடும். நம்ம ஊர் ஈரத்தில் துருவும் ஏறும். மூடுமுன் விளிம்பைத் துணியால் சுத்தமாகத் துடைத்து, மூடியபின் டின்னைக் கவிழ்த்து வையுங்கள். ஆடை அடியில் கட்டும், மேலே நல்லது கிடைக்கும்.

கண்ணாடிப் போத்தலில் வருவது தண்ணீர் பெயின்ட். அரை மணியில் காயும், நாற்றம் இல்லை. ஆனால் மெலிசு, இரண்டு மூன்று பூச்சு கேட்கும். பொம்மையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவாமல் பூசினால் விரல் எண்ணெயில் பிடிக்காமல் உரிந்து வரும். திருகு மூடி காய்ந்து ஒட்டிக்கொண்டால் வெந்நீரில் தலைகீழாகப் பிடியுங்கள், கரண்டியால் நெம்பாதீர்கள்.

மூன்றாவது இப்போது புதிதாக வருகிறது. பிளாஸ்டிக் டப்பா, மூடி அதோடேயே ஒட்டியிருக்கும், பெருவிரலால் தள்ளினால் திறக்கும். கைக்கு லேசு. ஆனால் அதன் மூடி நம்ப முடியாதது, தானாகவே காய்ந்துபோகும்.

ஒன்று சொல்ல வேண்டும். டின்னில் சதை நிறம் என்று எழுதியிருந்தால் அது வெள்ளைக்காரன் சதை. காவடிக்காரருக்குப் பூசினால் கொசு கடித்த துரைமார் மாதிரி நிற்பார்கள். தோல் பழுப்பும் கொஞ்சம் சிவப்பும் கலப்போம் நானும் அண்ணனும்.

மூன்றிலும் ஒவ்வொன்று பார்சலில் அனுப்புகிறேன். நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள். அண்ணனுக்கு என் சலாம். சொல்லக் கூடாது என்றால் சொல்ல வேண்டாம்.

ஜபருல்லா


சிவமயம்

டத்தோ கிராமாட்
8.10.1989

ஜபருல்லாவுக்கு,

பார்சல் வந்தது. முதலில் கோபத்தைச் சொல்லிவிடுகிறேன். மூன்று என்று எழுதிவிட்டு நாலாவதாக ஒன்றை அடியில் வைத்திருக்கிறாய். சொட்டு விடுகிற பிளாஸ்டிக் குப்பி, கழுத்தில் சிவப்பு நூல். அதை என் வீட்டுக்கு அனுப்ப உனக்கு எப்படி மனம் வந்தது? கடதாசியைப் பிரித்து அதைக் கண்டதும் கீழே போட்டுவிட்டேன். புஷ்பராணி வந்து என்னைக் கதிரையில் இருத்தினாள். இந்தக் கடிதத்தோடு திருப்பி அனுப்புகிறேன்.

இனி பெயின்ட். மூன்று சிப்பாயை எடுத்து, சவர்க்காரம் போட்டுக் கழுவி, மூன்றுக்கும் ஒரே சிவப்பு பூசி ஜன்னலில் வைத்தேன். டின்காரன் மறுநாள் மத்தியானம்வரை ஒட்டினான், ஒரு கொசு வேறு அவன் முதுகில் செத்தது. ஆனால் நிறம் கோயில் குங்குமம் மாதிரி. போத்தல்காரன் நான் தேத்தண்ணீர் குடித்து முடிக்குமுன் காய்ந்துவிட்டான், ஆனால் முழங்காலில் பிளாஸ்டிக் தெரிகிறது. இரண்டாம் பூச்சுக்குச் சரியானான். டப்பாக்காரன் நல்லாத்தான் இருந்தான். டப்பாதான் மூன்றாம் நாளே உள்ளுக்குள் சுண்டிப்போனது. நீ சொன்னபடிதான்.

எனக்குத் தோன்றியது இது. உடுப்புக்கும் தேருக்கும் டின். முகத்துக்கும் கைக்கும் போத்தல், பிழைத்தால் ஈரத்துணியால் துடைத்துவிடலாம். டப்பா யாருக்கும் வேண்டாம்.

ஹாஜரா பார்த்துவிட்டு, "என்னக்கா, இந்த வயசில பொம்மை விளையாட்டா லா?" என்றாள். "வாயை மூடிக்கொண்டு அந்த சாஸ் தட்டை எடு, பெயின்ட் கலக்க வேணும்" என்றேன். இப்போது அவளும் தினமும் வந்து உட்கார்ந்துகொள்கிறாள். பூசுவதில்லை, குறை சொல்லுவாள். "அந்த ஆளுக்கு மீசை வைங்கக்கா, மொட்டை மூஞ்சியா இருக்கான்." மீசை வைக்கிற பிரஷ் மூன்று மயிர்தான் இருக்கும். கண்ணாடி போட்டுக்கொண்டு மூச்சைப் பிடித்து வைக்க வேண்டியிருக்கிறது. ஒரு நாளைக்கு ஒரு ஆள்தான் முடிகிறது. அதற்குள் கழுத்து பிடித்துக்கொள்கிறது.

இவருக்கு டின் வாசம் வந்தால் போதும், சுவரைப் பிடித்துக்கொண்டு மேசைக்கு வந்துவிடுவார். "இஞ்சரும், இது என்ன நிறம்?" "மஞ்சள்." "எப்படி மஞ்சள்? மாம்பழ மஞ்சளோ, எலுமிச்சையோ?" மனிதருக்கு இரண்டு கண்ணும் போனபிறகுதான் நிறத்தில் இவ்வளவு நுணுக்கம் வந்திருக்கிறது.

உன் சலாம் சொல்லவில்லை.

நல்லம்மா


786

கிள்ளான்
15.10.1989

அக்காவுக்கு,

குப்பி திரும்பி வந்தது. மன்னித்துக்கொள்ளுங்கள். அது கண்மருந்துக் குப்பி இல்லை. கோலாலம்பூர் ஹாபி கடையில் வெறுங் குப்பியாகவே விற்கிறார்கள், நீல மூடி போட்டது, மருந்துக் குப்பிபோல இருக்காது. நான் இங்கே ஏற்கெனவே ஒப்பிட்டுப் பார்த்ததில் அதுதான் நல்லது. காற்றுப் போகாது, காயாது. மூன்று சொட்டுப் பழுப்பு, ஒரு சொட்டுச் சிவப்பு என்று எண்ணிக் கலக்கலாம். இன்று பூசிய கையும் அடுத்த வாரம் பூசும் முகமும் ஒரே நிறமாக வரும். உண்மையை மறைக்கக் கூடாது என்றுதான் வைத்தேன். உங்கள் மனதை நினைக்கவில்லை. பெயின்டையே நினைத்தேன். கிழவனான பிறகும் அந்தப் புத்தி போகவில்லை.

நூல் கட்டி அனுப்பியது பழக்கம். நூல் கட்டாத குப்பியை நான் ஒரு நாளும் மேசையில் வைத்தவன் இல்லை.

இந்தக் கடைசி வரியை விட்டுவிடுங்கள் அக்கா. அடிக்கலாம் என்று பார்த்தால் பேனா மை இரண்டு பக்கமும் ஊறுகிறது.

உடுப்புக்கு டின், முகத்துக்குப் போத்தல் என்று நீங்கள் பிரித்தது சரி. நானும் அண்ணனும் ஆறு வருஷம் சண்டை போட்டு அதைத்தான் கண்டுபிடித்தோம். நீங்கள் மூன்று வாரத்தில்.

ஜபருல்லா


சிவமயம்

டத்தோ கிராமாட்
5.11.1989

ஜபருல்லாவுக்கு,

பத்தொன்பது பேர் முடிந்தது. அதில் ஒருவன் பிழை. தேங்காய் உடைக்கிற சீன ஆளுக்கு நம்மாட்கள் தோலைப் பூசிவிட்டேன், அதுவும் டின் பெயின்ட். ஹாஜரா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "பரவால்ல லா அக்கா, அந்த சீனன் வெயில்ல தேங்காய் உடைச்சுக் கறுத்துட்டான்னு வச்சுக்கலாம்" என்கிறாள். இவருக்குச் சொன்னேன், இவரும் சிரித்தார். இவர் சிரித்து எத்தனையோ நாளாயிற்று.

காய்ந்த டின் பெயின்டை எப்படி உரிப்பது? அந்தக் காரத் தண்ணீரை நான் தொடமாட்டேன். வேறு வழி இருந்தால் எழுது.

உன் போன கடிதத்தில் விடச்சொன்ன வரியை நான் விடவில்லை. அதையே இரண்டு வாரமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். அன்றைக்கு நீ பேசாமல் தலையைக் குனிந்துகொண்டு போனாய். இப்போது வைத்தவன் இல்லை என்கிறாய். நூல் கட்டாத குப்பி மேசையிலிருந்து தானாக நடந்து மருந்துத் தட்டுக்கு வந்ததா?

ஒன்று உனக்குத் தெரியாது. அன்றையிலிருந்து தினமும் காலையில் மருந்தின் முதல் சொட்டை என் கண்ணில் விட்டுப் பார்க்கிறேன். எரியவில்லை என்றால்தான் அவருக்கு விடுவது. இன்னும் விட வேண்டும், விடாவிட்டால் வலது கண் தெறிக்கிற மாதிரி வலிக்குமாம். புஷ்பராணி ஏசுகிறாள், ஆஸ்பத்திரி மருந்து உங்கள் கண்ணுக்கு எதற்கு என்று. என் கையை நான் நம்புவதில்லை. அவ்வளவுதான்.

நல்லம்மா


786

கிள்ளான்
14.11.1989

அக்காவுக்கு,

உரிக்க வேண்டாம். ஆளை நல்லாக் காயவிட்டு, மேலே மெலிசாக வெள்ளை பூசி, அது காய்ந்தபின் சரியான நிறத்தைப் பூசுங்கள். இரண்டு பூச்சு கூடினால் முகம் கொஞ்சம் தடிக்கும், சீன ஆள்தானே, கொழுத்தவன் என்று இருக்கட்டும். அன்றைக்கும் இதைத்தான், அந்த ஞாயிற்றுக்கு முந்திய வெள்ளிக்கிழமையே, அண்ணனிடம் சொல்லிவிட்டுப் போனேன். நாதசுரக்காரன் வேட்டிக்கு வெள்ளைக்குப் பதில் பச்சை விழுந்துவிட்டது, அது எண்ணெய் பெயின்ட், உரிக்காதீங்க அண்ணே, மேலே வெள்ளை போட்டுக்கலாம், ஞாயிற்றுக்கிழமை வந்து நான் போடுறேன் என்று.

முதல் சொட்டு விஷயம் படித்தபிறகு என்னால் இரண்டு நாள் சரியாகச் சாப்பிட முடியவில்லை. அக்கா, அதை நிறுத்துங்கள். உங்கள் கையில் குற்றம் ஒன்றும் இல்லை. இதற்கு மேல் என்னைக் கேட்காதீர்கள்.

ஜபருல்லா


சிவமயம்

டத்தோ கிராமாட்
3.12.1989

ஜபருல்லாவுக்கு,

நீ கேட்காதே என்றால் நான் கேட்காமல் இருப்பேனா?

உன் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். பிறகு கண்ணை மூடிக்கொண்டு அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் போனேன். எட்டு மணி. தேத்தண்ணீர் கொண்டுபோய் இவருடைய மேசையில் வைக்கிறேன். பழைய பேப்பரின் மேல் நாதசுரக்காரன் நிற்கிறான். வேட்டி பச்சையில்லை, வெள்ளையுமில்லை. பெயின்ட் உரிந்து இடுப்புக்குக் கீழே வெறும் சந்தன நிறப் பிளாஸ்டிக். காலடியில் பேப்பர் ஈரமாய் ஊதிப்போய்க் கிடந்தது. நீ வந்தது பத்தேகாலுக்கு. நீ பையை இறக்குமுன் யாரோ காரத் தண்ணீரைச் சொட்டியாயிற்று. இரண்டு வருஷம் இதை நான் கண்ணால் கண்டும் ஒன்றோடு ஒன்று சேர்க்காமல் இருந்திருக்கிறேன். உன்னில் இருந்த கோபம் சேர்க்க விடவில்லை.

அதோடு இன்னொன்றும் வந்தது. சனிக்கிழமை பின்னேரம், மழை இருட்டிக்கொண்டு வருகிறது, நான் பின்னால் உடுப்பு எடுக்கிறேன். உள்ளேயிருந்து இவர்: "இஞ்சரும், சிவப்பு நூல் எங்கை?" நான்: "தையல் பெட்டியிலை. பொறுங்கோ, பிறகு எடுத்துத் தாறன்." எடுத்துக் கொடுக்கவில்லை. அவரும் திரும்பக் கேட்கவில்லை.

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம், புஷ்பராணியும் மருமகனும் வேலைக்குப் போனபிறகு, மேசைக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருந்தேன். நாதசுரக்காரனை எடுத்து இவர் கையில் வைத்தேன். தடவினார்.

"இது பூசாதது" என்றார்.

"பூசினது. பிறகு உரிச்சது. ஆர் உரிச்சது?"

பொம்மையைத் திருப்பித் திருப்பித் தடவிக்கொண்டிருந்தார்.

"ஜபருல்லா வர முதலே உரிஞ்சு நிண்டவன். நான் கண்டனான். ஆர் குப்பியிலை ஊத்தினது?"

"ஓம்" என்றார்.

"என்ன ஓம்?"

"நான்தான். போத்தலோட ஊத்தினால் ஆள் முழுக்க உரிஞ்சிடும். வேட்டியிலை மட்டும் விட வேணும். அதுதான் கண்குப்பியிலை ஊத்தினனான். நூல் கேட்டன். நீர் பிறகு எண்டீர். வச்சிட்டு எழும்பினன். எங்கை வச்சனெண்டு யோசிக்கேல்லை. கண்குப்பி எண்டால் கை மருந்துத் தட்டுக்குத்தானே போகும், நல்லம்மா."

ஏழு வருஷமாக ஒவ்வொரு நாளும் அதே குப்பியை அதே தட்டில் வைத்த கை. அதை நான் விளங்கிக்கொள்கிறேன். விளங்காத விஷயம் வேறு.

நான் எழும்பிப் போய்ச் சோறு போட்டுக் கொண்டுவந்தேன். மீனில் முள் எடுத்துக் கொடுத்தேன். சாப்பிட்டார். ஐந்து நாளாயிற்று, அவரோடு நான் கதைக்கவில்லை. நிறம் கேட்கிறார். ஹாஜரா சொல்லுகிறாள்.

நீ சொல். உனக்குத் தெரியுமா? தெரிந்தால் எப்போதிருந்து? தெரிந்துகொண்டா உன் செருப்பை நான் ரோட்டில் வைத்தபோது குனிந்து எடுத்துப் போட்டுக்கொண்டு போனாய்?

நல்லம்மா


786

கிள்ளான்
12.12.1989

அக்கா,

தெரியும். அன்று பின்னேரமே தெரியும்.

டாக்ஸிக்காரர் சின்னையா காரை வேகமாக ஓட்டி அண்ணனைப் பெரியாஸ்பத்திரியில் சேர்த்தாரே, நீங்கள் வெளியே பெஞ்சில் கையைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டு இருந்தீர்கள். நான் உள்ளே போனேன். இரண்டு கண்ணிலும் கட்டு. என் கையைத் தேடிப் பிடித்தார். "ஜபரு, ஊத்தினது நான்தான். அவளிட்டைச் சொல்லாதை. இனி நான் அவளின்ரை கையிலைதான் இருக்க வேணும். எங்கட கலியாணத்திலை ஆர் பந்தியிலை கடைசியா இருந்தவை எண்டு இப்பவும் சொல்லிக் கோபிக்கிறவள். இதை மறப்பாளோ?" என்றார்.

நான் யோசித்தேன் அக்கா. அவர் உங்கள் கையால் சாப்பிட வேண்டும். நான் என் மகள் கையால் சாப்பிடுகிறவன். கோபம் யார்மேலாவது இறங்கித்தான் ஆகும் என்றால், தாங்குவது எனக்குச் சுலபம். இரண்டு மாதம், மிஞ்சினால் பெருநாள்வரை, பிறகு அண்ணனே சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். பெருநாள் வந்தது. அடுத்த பெருநாளும் வந்தது. பிறகு ரோஹானா கிள்ளானுக்குக் கூப்பிட்டாள், வந்துவிட்டேன். பினாங்கில் இருந்தால் உங்கள் தெரு வழியாகத்தான் பஸ் போகும்.

என் பேரிலும் தப்பு உண்டு. மருந்துக் குப்பியில் வேறொன்றை ஊற்றலாம் என்ற யோசனையே என்னுடையது. நூல் கட்டினால் போதும் என்று நினைத்தேன். கப்பல் சாமான் கடையில் முப்பது வருஷம் ஸ்டோர் பார்த்தவன். எண்ணெய் இருந்த டின்னில் தண்ணீர் ஊற்றக் கூடாது என்று மற்றவர்களை ஏசியவன். வீட்டு மேசையில் அந்தப் புத்தி எங்கே போனதோ. அதனால்தான் நீங்கள் ஏசியபோது எல்லாமே பொய் என்று எனக்குப் படவில்லை.

ஆனால் வருத்தம் இல்லை என்று சொல்லமாட்டேன். ரோஹானா நிக்காஹ்வுக்கு முதல் வரிசையில் இரண்டு நாற்காலி காலியாக வைத்திருந்தேன். "யாருக்கு வாப்பா?" என்று எல்லாரும் கேட்டார்கள். செருப்பை ரோட்டில் வைத்தீர்களே, அதைச் சீன மளிகைக்கடைக்காரரும் பார்த்தார், ஷேக் அலாவுதீன் வீட்டு ஆட்களும் பார்த்தார்கள். கையில் கொடுத்திருக்கலாம்.

உங்கள் முதல் சொட்டு விஷயம் அண்ணனுக்குத் தெரியுமா என்று இப்போதுதான் யோசிக்கிறேன். தெரியாது என்றே இருக்கட்டும்.

கூப்பிடாமல் வரமாட்டேன். கூப்பிட்டால் பஸ் ஏறிவிடுவேன்.

ஜபருல்லா


சிவமயம்

டத்தோ கிராமாட்
21.1.1990

தம்பி ஜபருல்லாவுக்கு,

பதில் எழுத ஒரு மாதத்துக்கு மேலாயிற்று. எழுத உட்கார்ந்தால் அலுப்பாக இருந்தது. பெயின்ட் பூச உட்கார்ந்தால் அலுப்புத் தெரியவில்லை. அதனால் பூசினேன்.

முப்பத்தாறு பேர் முடிந்தார்கள். கடைசிப் பத்துப் பேரைக் குப்பிப் பெயின்டில்தான் பூசினேன். சிவகுருநாதனை கோலாலம்பூர் போனபோது அந்தக் கடைக்கு அனுப்பி, நீல மூடிக் குப்பி ஆறு எடுப்பித்தேன். நீ சொன்னது சரி. மூன்றுக்கு ஒன்று என்று எண்ணி விட்டால் எல்லாரும் ஒரு தாய் பிள்ளைகள் மாதிரி நிறம். ஆறின் கழுத்திலும் நூல் கட்டினேன். அவற்றை வேறு அறையில் வேறு பெட்டியில் பூட்டி வைத்தேன். சாவி என் இடுப்பில்.

சீன ஆள் வெள்ளை பூசினதில் கொழுத்துத்தான் போனான். ஹாஜரா அவனுக்குத் தவுக்கே, அதுதான் முதலாளி, என்று பேர் வைத்திருக்கிறாள். காவடிக்காரர் எல்லாருக்கும் மீசை வைத்தாயிற்று, ஒருவனைத் தவிர. அவன் சின்னவன், வேண்டாம் என்று விட்டேன்.

செருப்பு விஷயம். கையில் கொடுத்திருக்க வேண்டும். நீ சொன்னது சரி. அலாவுதீன் வீட்டுக்கு நேற்றுப் போய், அன்றைக்கு நான் செய்தது பிழை, ஜபருல்லா ஒன்றும் செய்யவில்லை என்று வாசலில் நின்று சொல்லிவிட்டு வந்தேன். சீன மளிகைக்கடைக்காரருக்கும் எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன். அவர் என்ன விளங்கிக்கொண்டாரோ, சின்ன வெங்காயம் கூடப் போட்டுத் தந்தார். நிக்காஹ்வுக்கு வராததற்கு ரோஹானாவிடம் நேரில் சொல்லுவேன். அதைக் கடிதத்தில் சொல்லக் கூடாது.

நூல் எடுத்துக் கொடுக்காதது நான். அந்தப் பங்கு என்னுடையது, வைத்துக்கொள்கிறேன். குப்பி யோசனை உன்னுடையது, அந்தப் பங்கை நீ வைத்துக்கொள். தெரிந்தும் எனக்குச் சொல்லாமல் இருந்தாயே, அதற்கு உன்மேல் கோபம் கொஞ்சம் இருக்கிறது. வந்து சாப்பிட்டால் குறையும்.

நாதசுரக்காரன் மட்டும் பூசாமல் நிற்கிறான். வெள்ளை வேட்டி போடுகிறேன் என்று வெள்ளிக்கிழமை சொல்லிவிட்டுப் போனவன் நீ. வந்து போடு. தைப்பூசத்தன்று தேர் நம்ம தெருவால் போகுமுன் அவன் காய வேண்டும், அதனால் மூன்று நாள் முந்தி வா. முன்னறையில் படுக்கலாம். உன் சலாத்தை அவரிடம் சொல்லிவிட்டேன். அழுதார். அழுதால் அந்தக் கண் எரியும் என்று துடைத்துவிட்டேன்.

இப்போது அவரோடு கதைக்கிறேன். மாம்பழ மஞ்சளோ என்று கேட்டால் மாம்பழ மஞ்சள் என்கிறேன். மீனில் முள் எடுக்கிறேன். கையைப் பிடித்து வாசலுக்குக் கூட்டிப்போகிறேன். நான் சோறு போடாமல் விட்டுவிடுவேன் என்று பயந்தாராம் மனிதர். நாற்பத்தொன்பது வருஷம் என் கையால் சாப்பிட்டவர்.

நீ கேட்டதற்குப் பதில்: முதல் சொட்டு விஷயம் அவருக்கும் தெரியும். ஒவ்வொரு நாள் காலையும் மூடி திறக்கிற சத்தம் கேட்கும், நான் நிமிர்ந்து என் கண்ணில் விடுகிற நேரம் கேட்கும், பிறகுதான் தன் கண்ணுக்கு வரும் என்று அவருக்குத் தெரியும். "எரியுதோ?" என்றுகூட முதல் வருஷம் கேட்டிருக்கிறார். இரண்டு வருஷமாக என் கையை நானே பயந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த முகத்தை அண்ணாந்து வைத்துக்கொண்டு, இல்லை நல்லம்மா, பிழை உம்முடையதில்லை என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். ஒரு காலை சொல்லியிருந்தால் போதும்.

முதல் சொட்டை நிறுத்திவிட்டேன். இன்று காலை நேராக அவர் கண்ணில் விட்டேன். "இண்டைக்கு நீர் விட்டுப் பார்க்கேல்லையோ?" என்றார். "தேவையில்லை" என்றேன்.

வரும்போது வெள்ளைப் பெயின்ட் போத்தலில் கொண்டு வா, இங்கே இருக்கிறது கட்டிபட்டுவிட்டது. மூடி விளிம்பைத் துடைத்துக் கொண்டு வா.

மற்ற எல்லாரையும் மன்னித்தாயிற்று. அன்றைக்கு அரைத் தூக்கத்தில் இருந்த மருமகனை, கதைத்துக்கொண்டே நின்ற ஹாஜராவை, உன்னை, என்னையும் கொஞ்சம். ஒருவரை மட்டும் என்னால் முடியாது. பக்கத்தில் உட்கார்ந்து நாதசுரக்காரனைத் தடவிக்கொண்டு, யாருக்கு எழுதுகிறீர் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.

கந்தப்பு.

நல்லம்மா